நிறுவிய பின் கிளஸ்டரின் நலம் பேணுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல கணினிகளை இணைத்து ஒன்றாகக் கணக்கிட வைக்கும் கிளஸ்டரை நிறுவுவது குறித்து இப்பகுதியில் முன்பு எழுதியதைத் தொடர்ந்து, நிறுவி முடித்த பிறகு அதை எவ்வாறு கண்காணிப்பது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வுக்கூடத்தில் 32 நோடுகள் (தனித்தனிக் கணினிகள்) கொண்ட கிளஸ்டர் ஒன்றை அண்மையில் நிறுவினார்கள். நெட்வொர்க் வழியே "இருக்கிறாயா" என்று கேட்கும் பிங்குக்கு எல்லா நோடுகளும் பதில் தருகின்றன. மாதிரி நிரல் ஒன்றையும் ஓட்டிக் காட்டி, கையொப்பம் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார்கள். இனி நாள்தோறும் எதைப் பார்த்தால் கிளஸ்டர் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியும்?

பதில்: பிங்குக்குப் பதில் வந்தால், அந்த நோடில் மின்சாரம் இருக்கிறது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழித்திருக்கிறது, நெட்வொர்க் கேபிள் செருகப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முற்றிலும் செத்துப்போன நோடு பெரிய தொல்லை அன்று. அது இல்லை என்பது உடனே தெரிந்துவிடும், வேலைகளை வேறு நோடுகளுக்கு அனுப்பிவிடலாம். அரைகுறையாக உயிரோடிருக்கும் நோடுதான் உண்மையான தொல்லை. நோடுகளுக்கிடையே செய்தி பரிமாறும் எம்பிஐ முறை வழியாகப் பல நோடுகளில் பரவி ஓடும் நிரல்களில் பெரும்பாலானவை, கணக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாச் செயல்முறைகளும் வந்து சேரும்வரை காத்திருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் அமைப்புடையவை. ஆகவே 31 நோடுகள் முழு வேகத்தில் ஓட, ஒன்று மட்டும் 20 விழுக்காடு பின்தங்கினால், முழு வேலையும் அந்த ஒன்றின் வேகத்துக்கே இறங்கிவிடும். அப்போது எந்தத் திரையிலும் சிவப்பு எரியாது. பயனர்கள் மட்டும் "சென்ற மாதம் இதே கணக்கு சீக்கிரம் முடிந்ததே" என்று முணுமுணுப்பார்கள்.

அந்த முணுமுணுப்பு உண்மையா என்று சோதிக்க உங்களிடம் சென்ற மாதத்து எண்கள் இருக்க வேண்டும். எனவே கண்காணிப்புக் கருவி எது என்று யோசிப்பதற்கு முன்பே, பயனர்கள் உள்ளே வருவதற்கு முன்பே, ஒவ்வொரு நோடையும் தனித்தனியாக அளந்து குறித்து வைத்துவிடுங்கள். கணக்கிடும் வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையை 32 நோடுகளிலும் சேர்த்து ஓட்டிப் பெருமைக்குரிய ஒரு பெரிய எண்ணைப் பெறுவது விழாவுக்கு உதவும். உங்களுக்கு வேண்டியது அதே சோதனையை ஒவ்வொரு நோடிலும் தனியாக ஓட்டிக் கிடைக்கும் 32 எண்கள். அதே போல நினைவகத்தின் அலைவரிசையை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனைக்கு 32 எண்கள், உள்வட்டின் வாசிப்பு, எழுத்து வேகங்கள், நோடுகளை இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்த நெட்வொர்க்கின் தாமதமும் அலைவரிசையும், பொதுக் கோப்பு முறைமைக்கு ஒரு நோடிலிருந்தும் எல்லா நோடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுதும்போது கிடைக்கும் வேகம் ஆகியவை வேண்டும். இவற்றோடு கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் நிரலின் பதிப்பு, வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நிரல்களின் பதிப்புகள், கெர்னல் பதிப்பு, சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் இருக்கும் வெப்பநிலை, விசிறியின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கோப்பில் வைத்துவிட்டால், இனி வரப்போகும் எல்லா ஐயங்களுக்கும் அதுவே ஒப்பீட்டு ஆதாரம்.

ஒரே வகை வன்பொருள் கொண்ட நோடுகளின் லின்பேக் எண்கள் ஒன்றுக்கொன்று சில விழுக்காடு மட்டுமே வேறுபட வேண்டும். சில்லுக்குச் சில்லு இயல்பாகவே சிறிது வேறுபாடு உண்டு என்பதால் அந்த அளவைப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டத்திலிருந்து விலகித் தனியே நிற்கும் நோடைத்தான் திறந்து பார்க்க வேண்டும். ஸ்ட்ரீம் எண் மட்டும் குறைந்திருந்தால் முதலில் நினைவகத் தண்டுகளை எண்ணுங்கள்: எட்டுச் சேனல்கள் கொண்ட செயலியில் ஒரு தண்டு சரியாகப் பொருந்தாமல் விடுபட்டாலே அலைவரிசையில் எட்டில் ஒரு பங்காவது போய்விடும், சேனல்களுக்கிடையே தரவைப் பகிர்ந்து வைக்கும் ஒழுங்கு குலைவதால் இழப்பு அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். லின்பேக் எண் தொடக்கத்தில் சரியாக இருந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களில் சரிந்தால், வெப்பத்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பொருள். வெப்பக் கடத்திப் பசை, விசிறி, காற்று வரும் வழி என்ற வரிசையில் தேடலாம். தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால் பயாஸில் மின்சேமிப்பு அமைப்பு மாறியிருக்கக்கூடும். மதர்போர்டை மாற்றிய பிறகு பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவது இதற்கு மிகப் பொதுவான காரணம்.

இந்த அளவீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பழுதாகப்போகும் உதிரிகளில் ஒரு பகுதி முதல் சில நாட்களிலேயே பழுதாகிவிடுவது மின்னணுக் கருவிகளின் இயல்பு. இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடவிட்டால் அவை ஏற்புக் காலம் முடிவதற்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். நிறுவியவர்களை அழைப்பதும் எளிது. உங்கள் விஷயத்தில் கையொப்பம் ஆகிவிட்டது, ஆனாலும் உத்தரவாதம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: கேங்லியா, நாகியோஸ், புரொமீதியஸ் என்று ஆளுக்கொரு கருவியைப் பரிந்துரைக்கிறார்கள். சிறிய கிளஸ்டருக்கு எது பொருத்தம்?

பதில்: இவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பதால்தான் இந்தக் குழப்பம். 1999இல் வேறொரு பெயரில் வெளிவந்து பின்னர் நாகியோஸ் என்று பெயர் மாறிய கருவி, "இது சரியா, எச்சரிக்கையா, ஆபத்தா" என்று நிலையைக் கேட்டுச் சொல்வது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தோன்றிய கேங்லியா, கிளஸ்டருக்கென்றே எழுதப்பட்டது. அது அளவுகளைக் காலவரிசையில் சேர்த்து வரைபடமாக்கும், ஆனால் யாரையும் எழுப்பாது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் எழுதத் தொடங்கப்பட்ட புரொமீதியஸ் அளவுகளைச் சேகரிக்கும், அவற்றின் மேல் விதிகளை எழுதி எச்சரிக்கையும் எழுப்பும். வரைபடத்துக்கு அதனுடன் கிராஃபானாவைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்குப் புரொமீதியஸையே சொல்வேன். ஏற்கெனவே நாகியோஸ் ஓடிக்கொண்டிருந்து அதை அறிந்த ஒருவரும் இருந்தால், மாற்ற வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

எந்தக் கருவியானாலும், பழைய தரவு எவ்வளவு காலம், எந்த நுணுக்கத்தில் இருக்கும் என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். கேங்லியா பயன்படுத்தும் ஆர்ஆர்டி கோப்பு தன் அளவில் வளர்வதே இல்லை. நாளாக ஆகப் பழைய புள்ளிகளைச் சராசரியாக்கிச் சுருக்கிக்கொள்ளும். வட்டு நிரம்பாது என்பது வசதி. ஆனால் ஐந்து நிமிடம் உச்சத்துக்குச் சென்று இறங்கிய வெப்பநிலை, ஓராண்டு கழித்துப் பார்க்கையில் ஒரு நாளின் சராசரிக்குள் கரைந்து காணாமற்போயிருக்கும். உச்ச அளவையும் தனியே சேமிக்கும்படி முன்பே சொல்லியிருந்தால் மட்டுமே அது தப்பும். புரொமீதியஸ் சராசரியாக்குவதில்லை, ஆனால் நீங்கள் மாற்றாவிட்டால் 15 நாட்களுக்கு முந்தைய தரவை அழித்துவிடும். நிறுவிய நாளோடு ஒப்பிட வேண்டும் என்று மேலே சொன்னேன். இந்த இயல்பான அமைப்பை அப்படியே விட்டால் மூன்றாம் வாரத்திலேயே ஒப்பிட ஒன்றும் இருக்காது.

கேள்வி: கண்காணிப்பை அமைத்த நாளிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வருகின்றன. இப்போது அவற்றை யாரும் திறப்பதே இல்லை. வரம்புகளை உயர்த்திவிடலாமா?

பதில்: வரம்பை உயர்த்துவதால் மின்னஞ்சல் குறையும், நோய் குறையாது. முதலில் ஒரு வாரத்து எச்சரிக்கைகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது வந்தபோது நான் என்ன செய்தேன்" என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் வேண்டியதில்லை என்று எழுதப்பட்டவை எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து நீங்கி வரைபடத்தோடு நின்றுவிட வேண்டும். கணக்கிடும் நோடில் செயலிப் பயன்பாடு 100 விழுக்காடு என்பது இவ்வகை எச்சரிக்கைக்கு மிகச் சிறந்த சான்று. இணைய சேவையகத்துக்காக எழுதப்பட்ட வார்ப்புருவை அப்படியே எடுத்துக் கிளஸ்டரில் போட்டால் அது அலறும். கிளஸ்டரிலோ செயலி 100 விழுக்காடு ஓடுவதற்காகத்தான் அத்தனை பணத்தைக் கொட்டி வாங்கினோம். வேலை ஒப்படைக்கப்பட்ட நோடில் செயலி சும்மா கிடந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது, ஒரே காரணத்தால் வரும் பல எச்சரிக்கைகள். ஒரு சுவிட்ச் நின்றால் அதன் பின்னாலுள்ள 32 நோடுகளும் காணாமற்போனதாக 32 கடிதங்கள் வரும், நடுவில் சுவிட்ச் பற்றிய ஒரே ஒரு கடிதம் புதைந்து கிடக்கும். நாகியோஸில் இன்ன நோடு இன்ன சுவிட்சின் பிள்ளை என்று உறவைச் சொல்லிவிடலாம். புரொமீதியஸின் எச்சரிக்கை மேலாளரில், ஒரு எச்சரிக்கை எரிந்துகொண்டிருக்கும்போது அதைச் சார்ந்தவற்றை அடக்கி வைக்கும் விதி உண்டு. கண நேரத் துள்ளல்களுக்கு, நிலைமை இத்தனை நிமிடம் தொடர்ந்தால் மட்டுமே எழுப்பு என்று காலத்தைச் சேர்த்து எழுதுங்கள். வெப்பநிலைக்கு ஐந்து நிமிடம் பொறுக்கலாம். குளிரூட்டி முற்றிலும் நின்றதற்குப் பொறுக்கக் கூடாது, ஏனென்றால் அடர்த்தியாக அடுக்கப்பட்ட அறையின் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும்.

நோடுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. ஆனால் 27 என்ற பொது வரம்பைவிட, அதே அலமாரியில் மேலும் கீழும் இருக்கும் நோடுகளோடு ஒப்பிடும் விதி பயனுள்ளது. எல்லா நோடுகளும் ஒரே வேலையைச் செய்கையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எட்டு டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்றால், வரம்புக்குள்ளேயே இருந்தாலும் அதை எழுந்து சென்று பார்க்க வேண்டும்.

கேள்வி: கண்காணிப்பு நிரலே கணக்கீட்டின் வேகத்தைக் குறைத்துவிடாதா?

பதில்: குறைக்கும். இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணமே உண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இருந்த ஆஸ்கி க்யூ என்ற மீகணினியில் ஒரு பெரிய நிரல், மாதிரிக் கணிப்பு சொன்ன வேகத்தை எட்டவே இல்லை. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: ஒவ்வொரு நோடிலும் பின்னணியில் அவ்வப்போது எழுந்து சிறிது நேரமே ஓடி உறங்கும் சிறு நிரல்கள்தாம் காரணம். தனியாகப் பார்த்தால் அவை எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றுமே இல்லை. ஆனால் வெவ்வேறு நோடுகளில் வெவ்வேறு கணத்தில் அவை எழுந்ததால், எப்போதும் யாரோ ஒருவர் தாமதித்துக்கொண்டும் மற்ற அனைவரும் காத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தச் சிறு இடையூறுகளை நீக்கியும் ஒழுங்குபடுத்தியும் அந்த நிரலின் வேகத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கினார்கள். புதிய வன்பொருள் எதுவும் வாங்கவில்லை.

ஆயிரக்கணக்கான செயலிகளில் நடந்ததை 32 நோடுகளுக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை; இந்த விளைவு எண்ணிக்கையோடு வளர்வது. ஆயினும் சில எளிய கட்டுப்பாடுகள் நல்லவை. 15 வினாடிக்கு ஒரு முறை தேவைப்படுவது மிகச் சில அளவுகளே. வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் எண்களை நாளுக்கு இரு முறை படித்தால் போதும். வெப்பநிலை, விசிறி, மின்வழங்கி ஆகியவற்றை இயங்குதளத்தின் வழியாகக் கேட்காமல், மதர்போர்டிலேயே தனிச் சில்லாக அமர்ந்திருக்கும் பிஎம்சியிடம் ஐபிஎம்ஐ அல்லது ரெட்ஃபிஷ் நெறிமுறை வழியாக வெளியிலிருந்து கேட்டால், கணக்கிடும் செயலிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. நோடு முற்றிலும் தொங்கிப்போன நிலையிலும் பிஎம்சி பதில் சொல்லும் என்பது கூடுதல் வசதி.

பிஎம்சியைப் பற்றிப் பேசுகையில் கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும், அதைப் பொது நெட்வொர்க்கில் இணைப்பதும் மிகப் பெரிய பாதுகாப்புத் துளை. 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையில், உள்நுழைவு முடிவதற்கு முன்பே கடவுச்சொல்லின் ஹாஷ் மதிப்பை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, அதை ஊகிக்க உதவும் குறியீட்டை) கேட்பவருக்குத் தந்துவிடும் குறை, வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதற்குத் திருத்தமும் கிடையாது. ஆகவே பிஎம்சிகளுக்குத் தனி நெட்வொர்க் அமைத்து, மேலாண்மைக் கணினியிலிருந்து மட்டுமே அணுக விடுங்கள்.

கேள்வி: வட்டின் ஸ்மார்ட் சோதனை "தேர்ச்சி" என்று காட்டியது. மறுநாள் வட்டு செத்துவிட்டது. ஸ்மார்ட்டை நம்பவே கூடாதா?

பதில்: "தேர்ச்சி" என்ற அந்த ஒற்றைச் சொல்லை நம்பக் கூடாது, அது தயாரிப்பாளர் வைத்த தளர்வான வரம்பைத் தாண்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை, சரிசெய்ய முடியாத பிழைகள் ஆகிய மூன்றும் முதன்மையானவை. வரிசை எண்கள் முறையே 5, 197, 198. சுழல்வட்டில் இவை சுழியத்திலிருந்து நகர்ந்ததும் கவனம் தேவை, வாரந்தோறும் ஏறினால் மாற்ற வேண்டும்.

கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இரு பக்கமும் தெரிகிறது. மேற்பரப்பை வருடிப் பார்க்கும் சோதனையில் முதல் பிழை தோன்றிய வட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத வட்டைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், செத்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், முக்கியமானவை என்று அவர்கள் கண்டறிந்த நான்கு குறிகளில் ஒன்றுகூட அதற்கு முன் தென்படவில்லை. அதாவது ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். எச்சரிக்காததைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். வட்டின் சாவைக் கண்காணிப்பால் தடுக்க முடியாது, ஒரு வட்டு போனாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளைச் சேர்க்கும் ரெய்டும் காப்புப் பிரதியும்தாம் அதைத் தாங்க வேண்டும். அந்த ரெய்டில் ஒரு வட்டு ஏற்கெனவே விழுந்து, பல மாதங்களாக யாரும் கவனிக்காமல் இருப்பதைக் காட்டிக்கொடுப்பதுதான் கண்காணிப்பின் பங்கு. அது அரிதான நிகழ்ச்சி அன்று.

கேள்வி: நினைவகத்தில் பிழைகள் ஏற்பட்டதாகவும், அவை திருத்தப்பட்டுவிட்டதாகவும் பதிவேட்டில் அடிக்கடி வருகிறது. திருத்தப்பட்டுவிட்டதென்றால் விட்டுவிடலாம் அல்லவா?

பதில்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள்; திருத்தப்பட்ட பிழைதான் அந்த மணியோசை. பிழை திருத்தும் இசிசி நினைவகம் ஒரு சொல்லில் (ஒரே முறையில் படிக்கும் பிட்களின் தொகுதியில்) ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும், இரண்டு புரண்டால் திருத்த இயலாமல் கண்டுமட்டும் பிடிக்கும். அப்போது வேலையோ நோடோ விழும். ஆண்டுக்கு ஓரிரு திருத்தங்கள் எந்தக் கிளஸ்டரிலும் வரும், அதற்காகத் தண்டை மாற்ற வேண்டியதில்லை. 2009இல் வெளியான, கூகுளின் சேவையகங்களை ஆராய்ந்த கட்டுரையின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கணினிகள் ஆண்டில் ஒரு முறையாவது திருத்தக்கூடிய பிழையைக் கண்டன. தண்டுகளின் கணக்கில் அது எட்டு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். பிழைகள் எல்லாத் தண்டுகளிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, ஒரு சில தண்டுகளிலேயே குவிகின்றன என்பதை இதிலிருந்து உணரலாம். ஆகவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தத் தண்டு, எந்த வேகத்தில் என்பதைப் பாருங்கள். லினக்ஸில் ராஸ்டீமன் என்ற சேவை, பிழை எந்தச் செருகிடத்தில் நேர்ந்தது என்பதுவரை பதிந்து வைக்கும். ஒரே தண்டில் மணிக்கு மணி பிழைகள் வரத் தொடங்கினால் அந்த நோடை ஒதுக்கிவிட்டுத் தண்டை மாற்றுங்கள்.

பிஎம்சியும் தன் நிகழ்வுப் பதிவேட்டில் இவற்றை எழுதும். அந்தப் பதிவேட்டின் இடம் மிகக் குறைவு; பல கருவிகளில் அது நிரம்பியதும் புதியவற்றை எழுதாமல் நின்றுவிடும். மாதம் ஒரு முறை அதை வெளியே நகலெடுத்துவிட்டுத் துடைப்பது அவசியம்.

நெட்வொர்க்கிலும் இதே நிலைதான். நோடுகளை இணைக்கும் அதிவேக நெட்வொர்க்கான இன்ஃபினிபேண்டில் தளர்ந்த கேபிள் ஒன்று பிழைகளைத் திருத்திக்கொண்டும், பொட்டலங்களை மறுபடி அனுப்பிக்கொண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்; சில வேளைகளில் நான்கு தடங்களில் இணைய வேண்டியது ஒரே தடத்தில் இணைந்துகொண்டு, "இயங்குகிறது" என்ற பச்சை விளக்கையும் காட்டும். எனவே இணைப்பு இருக்கிறதா என்பதோடு, எந்த அகலத்தில், எந்த வேகத்தில் இருக்கிறது என்பதையும் சோதனையில் சேருங்கள். இன்னொன்று: அதன் பழைய பிழை எண்ணிகள் தம் உச்சத்தை எட்டியதும் சுழியத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடுபவை. மாறாமல் நிற்கும் எண்ணைக் கண்டு "புதிய பிழை இல்லை" என்று முடிவு செய்யும் முன், அது உச்சத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அவ்வப்போது சுழியமாக்கிவிட்டு வேகத்தைக் கணக்கிடுவதே சரியான முறை.

கேள்வி: ஒரு நோடில் சுமைச் சராசரி 90ஐத் தாண்டிக் காட்டுகிறது, ஆனால் செயலியோ ஏறத்தாழ சும்மா இருக்கிறது. கருவி தவறாகக் காட்டுகிறதா?

பதில்: இல்லை. லினக்ஸின் சுமைச் சராசரி, செயலிக்காக வரிசையில் நிற்பவற்றோடு, உள்ளீடு வெளியீட்டுக்காக இடைமறிக்க முடியாத உறக்கத்தில் இருக்கும் செயல்முறைகளையும் சேர்த்தே எண்ணும். பொதுக் கோப்பு முறைமையின் சேவையகம் பதில் தராமல் நின்றுவிட்டால், அதைத் தொட்ட ஒவ்வொரு செயல்முறையும் அந்த உறக்கத்தில் விழும். செயல்முறைப் பட்டியலில் நிலை "டி" என்று இருப்பவற்றை எண்ணுங்கள், 90க்கு அருகில் வரும். கோளாறு அந்த நோடில் இல்லை. பொதுக் கோப்புகளை வழங்கும் என்எஃப்எஸ் சேவையகத்தையோ அதற்குச் செல்லும் வழியையோ பாருங்கள். உங்கள் கண்காணிப்பு நிரலே வட்டில் இடம் எவ்வளவு என்று கேட்கப்போய் அதே உறக்கத்தில் மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒன்றாகக் குவிந்து சுமையை ஏற்றுவதும் உண்டு. பொதுக் கோப்பு முறைமையைத் தொடும் சோதனைகள், முந்தைய சோதனை இன்னும் முடியாமல் இருந்தால் புதிதாகத் தொடங்காதபடி எழுதப்பட வேண்டும்.

கேள்வி: நலமில்லாத நோடைக் கண்டறிந்தால் தானாகவே மறுதொடக்கம் செய்யும்படி அமைக்கலாமா? இரவில் எங்களிடம் ஆள் இல்லை. அத்துடன், கண்காணிக்கும் கணினியே நின்றுபோனால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தானாக ஒதுக்குவது நல்லது, தானாக மறுதொடக்கம் செய்வது பெரும்பாலும் கெடுதல். பழுதுகள் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோடு சராசரியாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை பழுதாகும் என்று வைத்துக்கொண்டால், 32 நோடுகளில் ஏறத்தாழ 57 நாட்களுக்கு ஒரு பழுது வரும். 1000 நோடுகளானால் 44 மணி நேரத்துக்கு ஒன்று. உங்கள் அளவில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேர்வதற்கு, நள்ளிரவில் நோடு தானே எழுந்து ஓட வேண்டிய அவசியமில்லை. அது காலைவரை வேலை வாங்காமல் ஒதுங்கி இருந்தால் போதும். மறுதொடக்கம் செய்தால், கோளாறின் தடயங்களில் பல நினைவகத்தோடு அழிந்துவிடும். அரைகுறை நோடு சில மணி நேரம் நல்லதுபோல நடித்துவிட்டு அடுத்த வேலையையும் கெடுக்கும். இதில் ஓர் அபாயம் தனித்துச் சொல்லத் தக்கது: வேலையைப் பெற்றவுடன் தோல்வியடையும் நோடு எப்போதும் காலியாகவே இருப்பதால், ஒதுக்கீட்டு நிரல் அடுத்தடுத்த வேலைகளையும் அதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வரிசையில் காத்திருந்த வேலைகள் முழுவதும் ஒரே இரவில் அந்த ஒரு நோடில் விழுந்து தோற்று முடிந்திருக்கும். ஆகவே ஒதுக்குவதையாவது தானியங்கியாக்கியே ஆக வேண்டும்.

நோடுகளுக்கு வேலைகளை ஒதுக்க நீங்கள் ஸ்லர்ம் என்ற நிரலைப் பயன்படுத்தினால், குறித்த இடைவெளியில் ஒவ்வொரு நோடிலும் ஒரு நலச் சோதனை நிரலை ஓட்டும் வசதி அதிலேயே உண்டு. இடைவெளியை நீங்கள் குறிப்பிடாவிட்டால் அது ஓடவே ஓடாது, 60 வினாடிக்குள் முடியாத சோதனையை ஸ்லர்மே நிறுத்திவிடும் என்ற இரண்டையும் நினைவில் கொள்ளுங்கள். சோதனையில் தவறினால் நோடை "டிரெய்ன்" நிலையில் வையுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை தொந்தரவில்லை, புதிய வேலை மட்டும் வராது. காரணத்தை அந்த நிலையோடு சேர்த்து எழுதும் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள், "சரியில்லை" என்றும் எழுதாதீர்கள். "மூன்றாம் செருகிடத்தில் நினைவகப் பிழை" என்பதுபோல எழுதினால், காலையில் வருபவர் நேராக வேலையைத் தொடங்கலாம்.

சோதனையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நிறுவிய நாளின் கோப்பே விடை. நினைவகத்தின் மொத்த அளவு அன்றிருந்ததுதானா, செயலிக் கோர்கள் அத்தனையும் தெரிகின்றனவா, தேவையான கோப்பு முறைமைகள் இணைந்திருக்கின்றனவா, உள்வட்டு எழுத விடுகிறதா அல்லது படிப்பதற்கு மட்டும் என்று மாறிவிட்டதா, தற்காலிகக் கோப்பிடத்தில் இடமும் ஐநோடும் (கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவிடம்) மீதமிருக்கின்றனவா, கடிகாரம் மற்ற நோடுகளோடு ஒத்துப்போகிறதா, ஜிபியு (வரைகலைச் செயலி) இருந்தால் எண்ணிக்கை குறையவில்லையா. என்விடியா ஜிபியு என்றால் கெர்னல் பதிவேட்டில் எக்ஸ்ஐடி என்று தொடங்கும் வரிகளையும் தேடச் சொல்லுங்கள். 79 என்ற எண் வந்தால் அந்த அட்டை இணைப்புப் பாதையிலிருந்தே விழுந்துவிட்டது. இவை எல்லாம் ஒரு வினாடியில் முடிபவை. நீண்ட சோதனைகளான லின்பேக்கையும் ஸ்ட்ரீமையும் பராமரிப்பு நாளில் ஒவ்வொரு நோடிலும் மறுபடி ஓட்டி, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். பழுது நீக்கிய எந்த நோடும் இந்த இரண்டு சோதனைகளிலும் தன் பழைய எண்ணை எட்டாமல் வரிசைக்குத் திரும்பக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பில், கண்காணிப்புக் கணினியின் சாவு மிக அமைதியான நாளைப் போலவே தோன்றும். எனவே புரொமீதியஸில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு பொய் எச்சரிக்கையை வேண்டுமென்றே எழுதி, அதைக் கிளஸ்டருக்கு வெளியே உள்ள, வேறு மின்னிணைப்பில் ஓடும் ஒரு சிறு கணினிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பச் செய்யுங்கள். அந்தச் சிறு கணினியின் ஒரே வேலை, செய்தி வருவது நின்றால் உங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்புவது. அதற்கான செய்திப் பாதை கிளஸ்டரின் மின்னஞ்சல் சேவையகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. அமைத்து முடித்ததும் கண்காணிப்புக் கணினியின் மின் இணைப்பை ஒரு முறை பிடுங்கிப் பார்த்து, கைபேசி ஒலிக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.